வைக்கோல் துரும்பில் போர்த்திட்டம்: ஊமைத்துரையின் வாழ்க்கையும் உங்கள் இமெயில் ரகசியமும்

ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. ஆனா அவர் கையசைத்தால் ஆயிரக்கணக்கானோர் ஆயுதம் எடுத்தார்கள். என்ன சொன்னார், எப்போது சொன்னார், யாருக்குச் சொன்னார் என்று கண்டுபிடிக்க முடியாமல் கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவம் 1801-ம் ஆண்டு முழுக்கத் திணறியது. கடைசியில் அவர் பிடிபட்டது நம்ம திண்டுக்கல் சமவெளியில், கொடைக்கானல் போகும் வழியில் இருக்கிற வத்தலக்குண்டில்.

இந்தக் கதைக்கும், வேலைக்குச் சேரும்போது ஹெச்.ஆருக்கு ஆதார், பான், சம்பள ரசீது எல்லாவற்றையும் ஒரே இமெயிலில் அனுப்பிவிடும் நம்ம பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. ஒரு செய்தியை மறைத்து அனுப்புவது வேறு, பூட்டி அனுப்புவது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊமைத்துரையின் காலத்தில் உயிர்ப் பிரச்சினை. இன்றைக்கு அது உங்கள் வங்கிக் கணக்கின் பிரச்சினை.

யார் இந்த ஊமைத்துரை?

இயற்பெயர் குமாரசாமி. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. செவத்தையா என்று அழைக்கப்பட்ட துரைசிங்கம் இன்னொரு தம்பி. ஊமைத்துரை காது கேளாதவர், வாய் பேசாதவர் என்று அவரை எதிர்த்துப் போரிட்ட கம்பெனி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். பேச்சு திக்கும், அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அவருடைய மொழி சைகைதான்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமானது. தம்பிகள் இருவரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கம்பெனியைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்துவிட்டது.

விறகுக்கட்டுக்குள் வந்த ஆயுதம்

முடியவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்த ஊமைத்துரைக்கும் வெளியே இருந்த ஆட்களுக்கும் தொடர்பு அறுபடவே இல்லை. 1801 பிப்ரவரி 2-ம் தேதி மாலை, பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் வீட்டில் கம்பெனி அதிகாரிகள் குடும்பத்தோடு விருந்தில் இருந்தார்கள். அந்த நேரத்தில் மாறுவேடத்தில் காத்திருந்தவர்கள் காவலர்களை மடக்கி, கைதிகளை மீட்டுக்கொண்டு போனார்கள். சிறையில் அம்மை பரவியிருந்ததால் கைதிகளை இரண்டிரண்டு பேராகப் பிணைத்திருந்த விலங்குகள் அப்போது கழற்றப்பட்டிருந்தன. அதுவும் கைகொடுத்தது. வந்தவர்கள் விறகு விற்பவர்கள் போலவும், திருச்செந்தூர் முருகனைக் கும்பிடப் போகும் பக்தர்கள் போலவும் வந்தார்கள், ஆயுதங்கள் விறகுக்கட்டுக்குள் இருந்தன என்பது தென்மாவட்டங்களில் இன்றும் சொல்லப்படும் கதை.

இந்த முறைக்குத் தொழில்நுட்ப உலகில் ஸ்டெகனோகிராஃபி என்று பெயர். ஒரு பொருளோ செய்தியோ இருப்பதே வெளியே தெரியாமல் மறைப்பது. விறகுக்கட்டுக்குப் பூட்டு கிடையாது. காவலர் ஒருவர் சும்மா ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நம்மில் பலர் இமெயிலில் செய்வதும் இதேதான். ஆதார் ஃபைலுக்கு ஹாலிடே போட்டோ என்று பெயர் மாற்றி அனுப்புவது, சப்ஜெக்ட்டை காலியாக விடுவது, அனுப்பின கையோடு சென்ட் ஃபோல்டரில் டெலீட் பண்ணுவது. இதெல்லாம் மறைப்பதுதான். அட்டாச்மென்ட்டைத் திறக்கும் யாருக்கும் உள்ளே இருப்பது அப்படியே தெரியும்.

உள்ளங்கையில் ஒரு போர்க்களம்

தப்பிய சகோதரர்கள் சுமார் 30 மைல் தூரத்தை அன்றிரவே கடந்து பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்தார்கள். ஒரு வாரத்தில் கம்பெனிப் படை அங்கே போய்ப் பார்த்தபோது, இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடி நின்றுகொண்டிருந்தது. முழுக்க மண்ணால் கட்டிய, சுமார் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட கோட்டை. மார்ச் 31-ம் தேதி கம்பெனி நடத்திய பெரிய தாக்குதல் கடும் இழப்போடு தோற்றது.

இந்த மாதங்களில் ஊமைத்துரை எப்படி உத்தரவு கொடுத்தார் என்பதை வெல்ஷ் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார். 1830-ல் வெளியான புத்தகம் அது. சில வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் அடுக்குவார். அதுதான் ஆங்கிலேயப் படை. பிறகு நேரம் முதலியவற்றுக்குத் தனித்தனி சைகைகள். கடைசியாக வலது கையால் துரும்புகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, வாயால் விஸ் என்று ஒரு சத்தம். அதுதான் தாக்குதல் சிக்னல். ஆலோசனைக் கூட்டம் எதுவும் அவர் தலைமை இல்லாமல் நடக்கவில்லை. உத்தரவு போட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறவரும் இல்லை, பெரும்பாலும் முதல் ஆளாக அவரே களத்தில் இறங்குவார். எதிரியாக இருந்தும் வெல்ஷின் வரிகளில் வியப்பு தெரிகிறது.

இதை இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்த குறியீடு என்று சொல்லலாம். நம்ம ஊர் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே மாதிரி. சுற்றி நிற்கும் எல்லோருக்கும் பேரம் நடப்பது தெரியும். எவ்வளவு என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. துரும்பு என்றால் ஆங்கிலேயர் என்பது வெல்ஷுக்கே தெரிந்துவிட்டது. அதாவது முறை ரகசியமாக நீடிக்காது. இன்றோ நாளையோ யாராவது தெரிந்துகொள்வார்கள். ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்பவர் 1883-ல் வகுத்த விதி இதைத்தான் சொல்கிறது: பூட்டின் அமைப்பு முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி மட்டும் தெரியாதவரை ரகசியம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இன்றைய என்கிரிப்ஷன் முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. உலகம் முழுவதும் வங்கிகளும் அரசுகளும் பயன்படுத்தும் ஏ.இ.எஸ். முறை எப்படி வேலை செய்கிறது என்பது வெளிப்படையானது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சாவி இல்லாமல் திறப்பதுதான் நடக்காத காரியம்.

உயிர் காத்த ஒரு பொய்

மே மாதம் கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படை வந்தது. மே 24-ம் தேதி கோட்டை விழுந்தது. ஊமைத்துரை படுகாயத்தோடு களத்தில் கிடந்தார்.

அடுத்து நடந்ததையும் வெல்ஷ் சொல்கிறார். பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடிவந்தார் ஒரு தாய். மகனைக் கண்டுபிடித்தார், உயிர் இருந்தது. மகனோ தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. அந்தப் பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்தபோது, அவர் உடம்பைத் துணியால் மூடி, அம்மை கண்டு பிள்ளை செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

துணியை விலக்கிப் பார்க்க ஒருவருக்குத் தைரியம் இருந்திருந்தால்? மறைப்பது பெரும்பாலும் ஒரு முறை கைகொடுக்கும். இரண்டாவது முறையும் கைகொடுக்கும் என்று நம்பி ஆதாரை அனுப்ப முடியாது.

ஒளிக்காமல் ஒட்டிய ஓலை

உயிர்பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார். மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். அவரை ஒப்படைக்கச் சொன்ன கம்பெனிக்கு அவர்கள் பணியவில்லை. போர் சிவகங்கைக்குப் பரவியது.

1801 ஜூன் 16-ம் தேதி சின்ன மருது ஓர் அறிவிப்பை வெளியிட்டார். எல்லா சாதியினரும் மதத்தினரும் ஒன்றுசேர்ந்து ஆங்கிலேயரை எதிர்க்க வேண்டும் என்ற அழைப்பு. திருச்சி கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் அது ஒட்டப்பட்டது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, கீழே அவர் பெயரே இருந்தது.

பாதுகாப்பு என்றாலே ரகசியம் என்று நினைக்கிறோம். அதில் இன்னொரு பாதி, இதை அனுப்பியது யார் என்ற நிச்சயம். டிஜிட்டல் கையெழுத்து அந்த வேலையைத்தான் செய்கிறது. செய்தியை எல்லோரும் படிக்கலாம், ஆனால் நடுவில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றிவிட்டுத் தப்ப முடியாது. உங்கள் மேனேஜர் பெயரில் வந்த இமெயில் அவசரமாக வங்கி விவரம் கேட்கிறதா? அனுப்பியது அவர்தானா என்று போனில் கேட்டுவிட்டு மறு வேலை பாருங்கள்.

சாவியும் கடிதமும் ஒரே பெட்டியில்

அந்த அறிவிப்பு ஒட்டப்பட்ட அதே கோடையில், சென்னையில் இன்னொரு ரகசியக் கடித விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, அரண்மனை ஆவணங்கள் கம்பெனியின் கையில் சிக்கின. அதில் ஆற்காடு நவாப் தரப்போடு தொடர்புடைய கடிதங்கள் இருந்தன. கூடவே, சங்கேதப் பெயர்களுக்கு விளக்கம் சொல்லும் ஒரு தாளும் இருந்தது. அதன்படி ஆங்கிலேயர் புதிதாக வந்தவர்கள். நிஜாம் ஒன்றுமில்லாதவர். மராத்தியர் அற்பர்கள். நவாப் வாலாஜாவோ மனிதகுலத்தின் நலம்விரும்பி.

அந்தக் கடிதங்களில் பெரிய சதி எதுவும் நிரூபணமாகவில்லை என்று ஜேம்ஸ் மில் போன்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே பின்னால் எழுதினார்கள். ஆனா கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு அந்தத் தாளே போதுமானதாக இருந்தது. நவாப் துரோகம் செய்தார் என்று சொல்லி, 1801 ஜூலை 31-ம் தேதி ஒப்பந்தம் மூலம் கர்நாடக நாட்டின் ஆட்சியை கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் ஓய்வூதியமும்தான். ஊமைத்துரை போரிட்ட பாளையங்களும் அந்த ஆட்சிப்பரப்பில்தான் இருந்தன.

சங்கேதம் இருந்தது. ஆனால் சாவியும் கடிதமும் ஒரே இடத்தில் இருந்தன. ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டுவிட்டு, அதே இமெயிலில் கீழே பாஸ்வேர்டையும் டைப் செய்து அனுப்புகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

திண்டுக்கல் சமவெளியில் கடைசி நாட்கள்

1801 அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோவில் கம்பெனியிடம் விழுந்தது. ஊமைத்துரையும் செவத்தையாவும் தங்களோடு மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் திரும்பினார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. திப்புவிடமிருந்து 1792-ல் கம்பெனி கைக்கு வந்த திண்டுக்கல் சீமை, எதிர்ப்பின் முக்கிய மையமாக இருந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாச்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர் சிவகங்கை, கொங்குநாடு என்று பல பகுதித் தலைவர்களை இணைத்தவர். 1800 ஜூன் 3-ம் தேதி கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டமும் இந்தக் கூட்டணியுடையதுதான். அது தோற்றது, பலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரை இந்தப் பக்கம் வந்தபோது கோபால் நாயக்கரும் உயிரோடு இல்லை. 1801 செப்டம்பரில் அவரை திண்டுக்கல்லில் கம்பெனி தூக்கிலிட்டிருந்தது. நகரில் இருக்கிற கோபாலசமுத்திரம் குளத்தோடு சேர்த்து அவர் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது.

அக்டோபர் நடுவில் வத்தலக்குண்டு பகுதியில் கம்பெனிப் படையோடு மோதல் நடந்தது. சகோதரர்கள் பிடிபட்டார்கள். அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ம் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் செவத்தையாவும் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு 73 பேர் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

பூட்டு ஊர் சொல்லும் பதில்

ஊமைத்துரையின் சைகைமொழி வேலை செய்ய ஒரு நிபந்தனை இருந்தது. இரு தரப்பும் முன்பே நேரில் சந்தித்து அதைக் கற்றிருக்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சி ஆட்களுக்குப் புரிந்தது, முன்பின் தெரியாத ஒருவருக்குப் புரியாது. முகம் பார்த்தே இராத ஒருவருக்கு ரகசியத்தை அனுப்புவது எப்படி? இந்தக் கேள்விக்கு வெளிப்படையான விடை 1970-களில்தான் கிடைத்தது. டிஃபி, ஹெல்மேன் இருவரும் 1976-ல் பப்ளிக் கீ முறையை முன்வைத்தார்கள்.

திண்டுக்கல்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் ஒரு பூட்டை நீங்கள் திறந்த நிலையில் நூறு பேருக்குக் கொடுக்கிறீர்கள். சாவி உங்களிடம் மட்டும். யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டியில் கடிதத்தை வைத்து, அந்தப் பூட்டை அழுத்தி உங்களுக்கு அனுப்பலாம். பூட்டியவரால்கூட அதைத் திரும்பத் திறக்க முடியாது. திறந்த பூட்டுதான் பப்ளிக் கீ. உங்கள் சாவி பிரைவேட் கீ.

இதை இமெயிலுக்குக் கொண்டுவந்தது ஃபில் ஸிம்மர்மேன் 1991-ல் வெளியிட்ட பி.ஜி.பி. அதன் வழிவந்த ஓபன்பி.ஜி.பி. இன்றைக்கு தண்டர்பேர்ட் மென்பொருளிலேயே இருக்கிறது. புரோட்டான் மெயில் போன்ற சேவைகளும் இதைப் பயன்படுத்துகின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: வழக்கமான பி.ஜி.பி. இமெயிலில் உள்ளடக்கம்தான் பூட்டப்படும். யார், யாருக்கு, எப்போது என்பதும் பெரும்பாலும் சப்ஜெக்ட் வரியும் வெளியே தெரியும். எனவே சப்ஜெக்ட்டில் விவரம் வேண்டாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

ஜிமெயில் போன்ற சேவைகளில் இமெயில் போகும் வழி பொதுவாக என்கிரிப்ட் ஆகியிருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த இன்பாக்ஸுக்குள் நுழையும் யாரும் படிக்கலாம். கான்ஃபிடென்ஷியல் மோட் போட்டாலும் அது முழுமையான பூட்டு ஆகாது. பி.ஜி.பி. அமைக்க நேரமில்லை என்றால் இதையாவது செய்யுங்கள்:

1. ஃபைலைப் பூட்டுங்கள். 7-ஜிப் இலவசம். ஏ.இ.எஸ்-256 என்கிரிப்ஷன் அதில் உண்டு. 7இசட் வகையைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல் பெயர்களையும் சேர்த்துப் பூட்டலாம். வேர்டு, பி.டி.எஃப். ஃபைல்களுக்கும் பாஸ்வேர்டு போடும் வசதி இருக்கிறது.

2. பாஸ்வேர்டை வேறு வழியில் அனுப்புங்கள். ஃபைல் இமெயிலில் போனால் பாஸ்வேர்டு போன் அழைப்பிலோ, சிக்னல், வாட்ஸ்அப்பிலோ போகட்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெட்டி ஞாபகம் இருக்கட்டும்.

3. யூகிக்க முடியாத பாஸ்வேர்டு வையுங்கள். இ-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த வருஷமும் என்பது ஊருக்கே தெரியும். அதை நம்பி அப்படியே ஃபார்வேர்டு பண்ணாதீர்கள். சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவில் வைப்பதும் சுலபம், உடைப்பதும் கஷ்டம்.

4. கேட்டதை மட்டும் கொடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்திலேயே எடுக்கலாம். அனுப்பாத ஃபைலை யாரும் திருட முடியாது.

5. இரண்டு முனைகளையும் கவனியுங்கள். பிரவுசிங் சென்டரில் அனுப்பினால் லாக்-அவுட் செய்யுங்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். அனுப்பும் முன் முகவரியை இன்னொரு முறை படியுங்கள், ஆட்டோ-ஃபில் தவறான ஆளை நிரப்பியிருக்கலாம். உங்கள் இமெயிலுக்கு இரண்டு கட்ட சரிபார்ப்பு கட்டாயம்.

ஐந்தும் சேர்ந்தாலும் சில நிமிட வேலைதான். ஐந்தாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், சாவி வைத்திருப்பவர் நம்பத்தக்கவராக இருந்தால்தான் அதற்குப் பயன்.

ஊமைத்துரை இறந்த பிறகு, பாஞ்சாலங்குறிச்சி கோட்டையைத் தடம் தெரியாமல் அழித்தார்கள். இன்று அங்கே நிற்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அவர் கையெழுத்திட்ட ஓலையோ, எழுதிவைத்த திட்டமோ எதிரியின் கையில் கிடைத்ததாகத் தெரியவில்லை. துரும்பைத் தள்ளிவிட்டால் போதும், உள்ளங்கையில் தடயம் இருக்காது. நம்ம இமெயில் அப்படிக் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன் அனுப்பிய மார்க் ஷீட்டும் ஆதார் நகலும் இன்னும் எத்தனை பேர் இன்பாக்ஸில் இருக்கின்றன என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. உங்கள் சென்ட் ஃபோல்டரில் ஆதார் என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.